பதினொரு பாட்டில்களில் ஒரே எண்

மேடையில் அமர்ந்திருக்கும் மேலாளர் அவர்களே, தொழிற்சங்கத் தலைவர் அவர்களே, எங்கள் முகங்களைவிட எங்கள் நெஞ்சு எக்ஸ்ரேக்களை நன்றாக அடையாளம் கண்டுகொள்ளும் மருத்துவர் அம்மா அவர்களே, முன்வரிசையில் மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அக்காவின் கணவரே, மகளே, காலை ஷிஃப்ட் முடிந்து முழங்கை வரை கை கழுவிவிட்டு வந்திருக்கும் தோழர்களே! கழுவாமல் யாராவது வந்திருந்தால் இப்போதே எழுந்து போய்க் கழுவிவிட்டு வாருங்கள். அக்கா படமாகிவிட்டாரே என்று அசட்டையாக இருக்காதீர்கள்.

நான் ஸ்டோர்காரன். முப்பத்தோரு ஆண்டுகளாக மூட்டைகளை எண்ணி வாங்கி எண்ணிக் கொடுத்தவன். மைக்கைப் பிடித்துப் பழக்கமில்லை. எனக்கு முன்னால் பேசியவர்கள் அக்காவைப் புகழ்ந்தார்கள். நானும் புகழத்தான் போகிறேன். ஆனால் நான் எழுந்து வந்ததற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அக்காவின் பணிக் கோப்பில் இருபத்து நான்கு ஆண்டுகளாக ஒரு மெமோ இருக்கிறது. ‘கவனக்குறைவால் மாதிரிகளைக் கெடுத்தவர்’ என்று எழுதிய மெமோ. யாரை? பஞ்சக்காவை! கவனக்குறைவு என்று! அந்த மெமோ பொய். பொய் என்று எனக்கு எப்படித் தெரியும்? அந்தப் பொய்க்குக் காரணமானவர்களில் நானும் ஒருவன். அதைச் சொல்லாமல் இன்று நான் இந்த மேடையை விட்டு இறங்க மாட்டேன். ஆனால் அதைச் சொல்லத் தைரியம் வேண்டும். தைரியம் வரும்வரை அக்காவைப் பற்றிப் பேசுகிறேன். அவரைப் பற்றிப் பேசினால் தைரியம் தானாக வரும்.

பதவியின் பெயர் முதுநிலை வேதியியலாளர். அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் வாசல் காவலாளிக்கே ஆள் தெரியாது. பஞ்சக்கா என்றால் போதும், கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் விடுவார்கள். ஏன் பஞ்சக்கா? அவருடைய வெள்ளைக் கோட்டுப் பையில் எப்போதும் ஒரு டப்பா இருக்கும். அதில் குச்சியில் சுற்றிய பஞ்சும் இரண்டு சின்ன மருந்துக் குப்பிகளும் இருக்கும். பஞ்சில் இரண்டு மருந்திலும் ஒவ்வொரு சொட்டு விட்டு, ஒரு பொருளின் மேல் அரை நிமிடம் தேய்ப்பார். பஞ்சு இளஞ்சிவப்பாக மாறினால் அந்தப் பொருளிலிருந்து நிக்கல் வெளியே வருகிறது என்று அர்த்தம். எதைத்தான் அவர் தேய்க்காமல் விட்டார்? மூக்குக் கண்ணாடியைத் தேய்த்தார், தோட்டைத் தேய்த்தார், ஜிப்பைத் தேய்த்தார், சாவிக்கொத்தைத் தேய்த்தார். ஆடிட் செய்ய வந்த அதிகாரியின் பேனாவைக்கூட அவர் கையெழுத்துப் போட்டு முடிப்பதற்குள் வாங்கித் தேய்த்துப் பார்த்தவர் அவர்!

அவருடைய பணி ஓய்வு விழா உங்களுக்கு நினைவிருக்கும். இதே சாப்பாட்டுக் கூடம்தான். மேசைகளை இப்படித்தான் சுவரோரம் தள்ளி வைத்திருந்தோம். நிர்வாகம் ஒரு கைக்கடிகாரம் பரிசளித்தது. கைதட்டல் ஓயவில்லை, அக்கா கடிகாரத்தைத் திருப்பிப் போட்டு முதுகைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டார். கூடமே எட்டிப் பார்த்தது. பஞ்சு சிவந்தது. கொடுத்தவரின் முகமும் சிவந்தது. அக்கா பதறவே இல்லை. “ரொம்ப நன்றிங்க. சுவர்ல மாட்டிக்கறேன்” என்றார்.

மாமா, நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இன்று நீங்கள் சிரித்ததைப் பார்த்ததே எனக்குப் பெரிய நிம்மதி. உங்கள் கதையையும் சொல்லிவிடட்டுமா? கல்யாணத்துக்கு முன்பிருந்தே மாமாவுக்குத் தொப்புளுக்குக் கீழே ஓயாத அரிப்பு. வெயில் என்றார்கள், வேர்வை என்றார்கள், ரத்தம் சுத்தமில்லை என்றார்கள். பூசாத களிம்பு இல்லை, குடிக்காத கஷாயம் இல்லை. கல்யாணமான மூன்றாம் நாள் அக்கா அவருடைய பெல்ட்டைக் கழற்றச் சொல்லி பக்கிளைத் தேய்த்தார். பஞ்சு சிவந்தது. “உங்க எதிரி உங்க இடுப்பிலயே உட்கார்ந்திருக்கான்” என்றாராம். மாமா தையற்காரர். அன்றிலிருந்து யார் பேன்ட் தைக்கக் கொடுத்தாலும் பட்டனுக்குப் பின்னால் ஒரு துணித்துண்டு வைத்தே தைக்கிறார். இந்தக் கூடத்தில் பாதிப் பேர் அரிப்பில்லாமல் உட்கார்ந்திருப்பது அந்தத் துணித்துண்டால்தான். கேட்டவர்களுக்கும் தைத்தார், கேட்காதவர்களுக்கும் தைத்தார்.

அப்படியென்றால் அக்கா நிக்கலின் எதிரியா? இல்லவே இல்லை! நிக்கலைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை தரக்குறைவாகப் பேசினால் அவருக்குக் கோபம் வரும். புதிதாகச் சேருகிறவர்களை ஆய்வகத்துக்குக் கூப்பிட்டு உட்கார வைப்பார். பத்தடிக்குப் பத்தடி அறை. ஒரே ஒரு ஜன்னல், அதன் வழியே பார்த்தால் பச்சை நீர் நிறைந்த தொட்டிகள். கையில் ஒரு தண்ணீர்க் குழாயை எடுத்துக்கொள்வார். “மேல மினுக்குது பாரு, அது குரோமியம். தோல் மாதிரி, அவ்வளவுதான். அதுக்கு அடியில துருவை உள்ள விடாம நிக்கிறது நிக்கல். பேரு ஒருத்தருக்கு, பாடு ஒருத்தருக்கு” என்பார். எவர்சில்வர் தட்டில் நிக்கல் உண்டு என்பார், ஆனால் இரும்போடு கட்டிப் பிடித்துக்கொண்டு இருப்பதால் லேசில் வெளியே வராது என்பார். நாணயத்தில் உண்டு, பேட்டரியில் உண்டு, விமான எஞ்சினின் கொதிக்கும் வயிற்றுக்குள்ளும் உண்டு.

ஒருமுறை பாலிஷ் பிரிவுக்காரர் ஒருவர் கேட்டார்: “அக்கா, இரும்புச்சத்து மாதிரி நிக்கல் சத்துன்னு ஒண்ணு நம்ம உடம்புக்கு வேணுமா?”

அக்காவுக்கு அப்படியொரு சந்தோஷம். “நல்லாக் கேட்ட! செடிக்கு வேணும். துளியூண்டு நிக்கல் இல்லைன்னா இலை நுனி கருகிப்போகும். வயித்துல புண்ணு உண்டாக்குதே ஒரு கிருமி, அதுக்கும் வேணும். அதை வச்சுத்தான் அது நம்ம வயித்து அமிலத்தையே சமாளிச்சுக் குடித்தனம் நடத்துது. நமக்கு வேணுமான்னு கேட்டா, வேணும்னு இன்னிவரைக்கும் யாரும் நிரூபிக்கல. கடலையில, கொட்டைப் பருப்புல, சாக்லேட்டுல கொஞ்சம் கொஞ்சம் உள்ள போகுது. உடம்பு சிறுநீரோட வெளிய தள்ளிடுது.”

“அப்ப நிக்கல் நல்லதாக்கா, கெட்டதாக்கா?”

“எங்க இருக்குன்னு கேளு. எவ்வளவுன்னு கேளு. எந்த வழியா உள்ள போகுதுன்னு கேளு. அதுக்கப்புறம் நல்லதா கெட்டதான்னு என்கிட்ட வா.”

தோழர்களே! அந்த மூன்று கேள்விகளைக் கேட்டு அவர் காப்பாற்றிய உயிர்களில் ஒன்று உங்கள் முன்னால் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. தைரியம் வந்துவிட்டது. சொல்லிவிடுகிறேன்.

இருபத்து நான்கு ஆண்டுகளுக்கு முன்னால், குழாய்களுக்கு நிக்கல் முலாம் பூசும் பிளேட்டிங் தொட்டிகளில் வேலை செய்தவர்கள் பதினொரு பேர். கையில் அரிப்பு, விரலிடுக்கில் வெடிப்பு, சிலருக்கு மூச்சு இழுப்பு. தொட்டிகளுக்கு மேலே புகையை உறிஞ்சும் விசிறி வேண்டும் என்று அக்கா நிர்வாகத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஆதாரம் கேட்டார்கள். சரி, பதினொரு பேரின் சிறுநீரையும் சோதித்து எவ்வளவு நிக்கல் இருக்கிறது என்று காட்டுகிறேன் என்றார் அக்கா. ஆளுக்கொரு பாட்டில் கொடுத்தார்.

பாட்டிலைக் கையில் வாங்கியவர்கள் கூடிக் கூடிப் பேசிக்கொண்டார்கள். யாரோ ஒரு புண்ணியவான், நிக்கல் அளவைக் காட்டும் எண் அதிகமாக இருந்தால் வேலை போய்விடும் என்று கிளப்பிவிட்டிருந்தான். உண்மையா என்று அக்காவிடம் கேட்டிருக்கலாம் இல்லையா? கேட்கவில்லை. அக்கா நமக்காகச் செய்கிறார் என்று யோசித்திருக்கலாம் இல்லையா? யோசிக்கவில்லை. பயம் வந்தால் புத்தி பின்வாசல் வழியாகப் போய்விடும்.

அன்று காலை, அந்தப் பதினொரு பேரில் ஒருவரான மேஸ்திரி என் ஸ்டோருக்கு வந்தார். கையில் ஒரு பை. பையில் பதினொரு காலி பாட்டில்கள்.

“தம்பி, நீ தொட்டிப் பக்கமே வர்றதில்ல. உன் உடம்புல நிக்கல் வாசனையே இருக்காது. நீ மனசு வச்சா பதினோரு குடும்பம் பொழச்சுக்கும்.”

“அண்ணே, மாட்டிக்கிட்டா?”

“என்னத்த மாட்டறது? உன் சொத்தையா எழுதிக் கேக்கறேன்? தண்ணி குடிச்சா வர்ற சமாச்சாரம்தானே!”

மேடையில் இருக்கும் பெரியவர்கள் மன்னிக்க வேண்டும். இரங்கல் கூட்டத்தில் பேசுகிற பேச்சா இது என்று நீங்கள் நினைக்கலாம். அக்கா இருந்திருந்தால் இந்த இடத்தில் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். அன்று நான் குடித்த தண்ணீரில் ஒரு கீரைப் பாத்தியே விளைந்திருக்கும். மதியத்துக்குள் ஒரே குடத்தில் சேர்த்து, பதினொரு பாட்டில்களிலும் பிரித்து ஊற்றிக் கொடுத்துவிட்டேன். மேஸ்திரி என் தோளைத் தட்டி, வள்ளல் என்று பட்டம் கொடுத்துவிட்டுப் போனார். என்ன கொடுத்து வள்ளல் ஆனேன் என்று மட்டும் யாரும் கேட்கக் கூடாது.

ஒன்பது நாள் கழித்துப் பரிசோதனை முடிவு வந்தது. பதினொரு பாட்டில்களிலும் ஒரே எண். அதுவும் எப்படிப்பட்ட எண்? அத்தனை தண்ணீர் குடித்த பிறகும், இருக்கக்கூடிய அளவைப்போல மூன்று மடங்கு!

அக்கா காகிதத்தை எடுத்துக்கொண்டு பிளேட்டிங் கூடத்துக்கு வந்தார். சாக்கு கொண்டுபோய்ப் போடுகிற சாக்கில் நானும் அங்கே நின்றேன். “இரட்டைப் பிள்ளைங்களுக்குக்கூட இப்படி ஒரே எண் வராது” என்றார். அவர் குரலை உயர்த்தவில்லை. “யாரு ஏமாத்துனீங்கன்னு நான் கேக்கல. ஏன் ஏமாத்துனீங்கன்னும் கேக்கல. இது யாரோடது? அதை மட்டும் சொல்லுங்க. அந்த ஆளு நல்லா இல்லப்பா. அந்த ஆளுக்கு அது தெரியாது.”

தோழர்களே, அது என்னுடையது. அக்கா என்னிலிருந்து நாலடி தள்ளி நின்று என்னைத் தேடிக்கொண்டிருந்தார். நான் பேசினேனா? இல்லை. கூட்டாளிகளைக் காட்டிக்கொடுக்காத பெரிய மனசு என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பெரிய மனசாவது ஒன்றாவது! பயம். வெறும் பயம்.

மறுநாளும் வந்து கேட்டார். அதற்கு மறுநாளும் கேட்டார். ஒரு வாரம் கேட்டுப் பார்த்தார். பிறகு அவர் என்ன செய்தார் தெரியுமா? நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். மாதிரிகளைக் கையாண்டதில் தன் தவறால் குளறுபடி நேர்ந்துவிட்டது, பரிசோதனையை மறுபடி நடத்த வேண்டும், இந்த முறை பிளேட்டிங் பிரிவில் மட்டுமல்ல, ஸ்டோர், பாலிஷ், பெருக்குகிறவர்கள் என்று கூரைக்குக் கீழே இருக்கும் அத்தனை பேருக்கும் நடத்த வேண்டும் என்று எழுதினார். அந்த ஆளைக் கண்டுபிடிக்க அவருக்கு வேறு வழி தெரியவில்லை. நிர்வாகம் சம்மதித்தது, கூடவே அந்த மெமோவையும் கொடுத்தது. அடுத்த ஆண்டு தரக்கட்டுப்பாட்டுத் தலைவர் பதவி காலியானது. எல்லாத் தகுதியும் இருந்தும் அது அக்காவுக்குக் கிடைக்கவில்லை. காரணம் அந்த ஒற்றைத் தாள்.

இரண்டாம் முறை கழிவறை வாசலில் நாற்காலியைப் போட்டு அக்காவே உட்கார்ந்துவிட்டார். செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். ஒவ்வொருவராகப் போனோம், வந்தோம். இந்த முறை ஒவ்வொரு பாட்டிலிலும் அவரவர் எண் வந்தது. பாதிப் பேருக்கு அளவு அதிகம். ஆனால் எல்லோரையும்விட அதிகமான எண், தொட்டிப் பக்கமே போகாத இந்த ஸ்டோர்காரனுக்கு!

முடிவு வந்த அன்று அக்கா ஸ்டோருக்கு வந்தார். வாசலிலேயே நின்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். வாய் திறந்த சாக்கில் பச்சைக் கல்கண்டு மாதிரி நிக்கல் உப்பு. அதைத் தகரக் கரண்டியால் அள்ளித் தராசில் கொட்டும்போதெல்லாம் பறக்கும் தூசி. அந்தத் தூசியை நேராக என் முகத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்த மேசை விசிறி. என் சட்டைப் பையில் வறுத்த கடலை. உப்பு அள்ளிய அதே கையால் அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டிருந்த நான்.

“தம்பி, நீதானா அது?”

தலையாட்டினேன்.

“ஒரு மாசமா ஒரு ஆளத் தேடறேன். வாயத் தொறந்து நான்தான்னு சொல்ல முடியலயா உனக்கு? அறிவிருக்கா? உன்னை நம்பி வீட்டுல ஒருத்தி இருக்கா இல்ல?”

திட்டிக்கொண்டே வந்தவர் சட்டென்று ஸ்டூலில் உட்கார்ந்து அழுதுவிட்டார். என் அம்மாவுக்குப் பிறகு எனக்காக ஒருவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் கேட்ட அடுத்த கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது. “இந்த யூனிஃபார்மை வீட்டுல யாரு துவைக்கறா?”

என் மனைவிதான் துவைத்தாள். இரண்டு வருடமாக அவள் கையில் அரிப்பு. சோப்பு சேரவில்லை என்று நான்கு சோப்பு மாற்றியிருந்தோம். சோப்பு என்ன செய்யும் பாவம்! நான் தினமும் ஸ்டோரை உடுத்திக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறேன்.

மருத்துவர் அம்மா என் மூக்குக்குள் விளக்கடித்துப் பார்த்தார். உள்ளே புண். இந்த உப்புத் தூசியை வருடக்கணக்கில் இழுத்தவர்களுக்கு மூக்கிலும் நுரையீரலிலும் புற்றுநோய் வரும் ஆபத்து அதிகம் என்று விளக்கினார். “நல்ல நேரத்துல கண்டுபிடிச்சாங்க” என்றார். யார் கண்டுபிடித்தார்? எப்படிக் கண்டுபிடித்தார்? தன் பெயரை அடமானம் வைத்துக் கண்டுபிடித்தார்!

அதன் பிறகுதான் தொட்டிகளுக்கு மேலே உறிஞ்சு விசிறி வந்தது. ஸ்டோரில் உப்பை உலர்வாக அள்ளுவது நின்றது. சாப்பிடும் இடம் தனியானது. யூனிஃபார்ம் தொழிற்சாலையிலேயே துவைக்கப்பட்டது. எண் அதிகமானதால் யாருக்காவது வேலை போனதா? ஒருவருக்கும் போகவில்லை. பதவி உயர்வை இழந்தவர் ஒரே ஒருவர்தான்.

அப்போதாவது நாங்கள் உண்மையைச் சொன்னோமா? முதலில் பயந்து சொல்லவில்லை. பிறகு காலம் கடந்துவிட்டதென்று சொல்லவில்லை. அப்புறம் அக்காவே எங்களுக்கு ஒரு சாக்குக் கொடுத்துவிட்டார். நான் எப்போது ஆரம்பித்தாலும், “விடு தம்பி, ஒரு தாளுதானே. நீ உசுரோட இருக்க, அது போதும்” என்பார். அவர் மன்னித்துவிட்டதால் எங்கள் கணக்குத் தீர்ந்ததென்று இருந்துவிட்டோம். போன வாரம் அவருடைய மகள் அலமாரியை ஒழுங்குசெய்யும்போது அந்த மெமோவின் நகலைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: “மாமா, அம்மா நிஜமாவே இப்படிப் பண்ணாங்களா?”

பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். மகளே, அந்தப் பதிலை இப்போது எல்லோர் முன்னாலும் சொல்கிறேன். இல்லை அம்மா. உன் அம்மா ஒரு சொட்டைக்கூடக் கெடுக்கவில்லை. கெடுத்தவர்கள் நாங்கள். பன்னிரண்டு ஆம்பிளைகள் ஒளிந்துகொள்ள உன் அம்மாவின் பெயரைத் திரைச்சீலையாகப் பிடித்துக்கொண்டோம். எங்களை மன்னிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. உன் அம்மாவை ஒரு நிமிடம்கூடச் சந்தேகப்படாதே. அது போதும்.

அந்தப் பதினொரு பேரில் நான்கு பேர் இன்று இல்லை. மேஸ்திரி அண்ணன் மகன் வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கிறார். நேற்று ஃபோனில், “என் பேரையும் சேர்த்துச் சொல்லுடா” என்றார். சொல்லிவிட்டேன். மீதி ஆறு பேர் இந்தக் கூடத்தில் இருக்கிறார்கள். தோழர்களே, எழுந்து நில்லுங்கள். நிற்க முடியாதவர்கள் பக்கத்திலிருப்பவர் தோளைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். ஆமாம், அப்படித்தான்.

மேலாளர் அவர்களே, எனக்கு ஓய்வு பெற இன்னும் பதினொரு மாதம் இருக்கிறது. நிற்பவர்களில் இரண்டு பேர் இன்னும் வேலையில் இருக்கிறார்கள். அன்று ஏமாற்றியதற்கு இன்று என்ன தண்டனை என்று நீங்கள் முடிவு செய்யுங்கள், வாங்கிக்கொள்கிறோம். எங்கள் ஏழு பேரின் கையெழுத்தோடு வாக்குமூலம் இதோ. இதை அக்காவின் கோப்பில் வைத்து, அந்த மெமோவை ரத்து செய்து, ரத்து செய்த கடிதத்தை அவருடைய மகள் கையில் கொடுங்கள். அன்று நீங்கள் இங்கே இல்லை, தவறு உங்களுடையதும் இல்லை. ஆனால் திருத்துகிற பேனா இன்று உங்கள் கையில்தான் இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. நம் புதிய பேட்டரிக் கூடத்தில் நிக்கல் தூள் கொட்டும் வேலை செய்கிறவர்கள் இருபத்தாறு பெண்கள். ஒப்பந்தப் பணியாளர்கள் என்பதால் பரிசோதனைப் பட்டியலில் அவர்கள் பெயர் இல்லை. அவர்களுடைய யூனிஃபார்ம் வீட்டுக்குப் போகிறது. வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள். அக்கா தொடங்கிய வேலை இந்த இடத்தில் அறுந்து கிடக்கிறது, அதை நாங்கள் எடுத்துக் கட்டுகிறோம். திங்கட்கிழமை முதல் அந்த இருபத்தாறு பேருக்கும் பெருக்குகிறவர்களுக்கும் பாட்டில் கொடுப்பது எங்கள் வேலை. அவர்கள் பயந்தால் எங்கள் கதையைச் சொல்வோம். வெட்கப்படாமல் சொல்வோம். அவர்களுடைய துணி இங்கேயே துவைக்கப்பட வேண்டும், அதற்கு உங்கள் உத்தரவு வேண்டும்.

அக்கா! நீங்கள் நாலடி தூரத்தில் நின்று என்னைத் தேடியபோது நான் வாயைத் திறக்கவில்லை. இன்றைக்குத் திறந்துவிட்டேன். தாமதம்தான். மிகவும் தாமதம்.

என் பேச்சு முடிந்தது, மேலாளர் அவர்களே. ஆனால் நீங்கள் பதில் சொல்லும்வரை நாங்கள் ஏழு பேரும் உட்காரப் போவதில்லை.